நான்கு எண்களும் பிரேசில் பொன்னும்

வணிகவியல் மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் நடத்தச் செல்லும்போதெல்லாம் முந்தைய வகுப்பின் கரும்பலகையை அழிப்பதே நமக்கு முதல் வேலை. ஒருநாள் அழிக்க மனம் வரவில்லை. இங்கிலாந்து, போர்ச்சுகல் என இரண்டு பெயர்கள். துணி, மது என இரண்டு சரக்குகள். 100, 120, 90, 80 என நான்கு எண்கள். பன்னாட்டு வணிகம் பயிலப் புகுவோர் தொடக்கத்திலேயே சந்திக்கும் கட்டம் இது.

வரைந்தவர் டேவிட் ரிக்கார்டோ. 1817இல் வெளிவந்த தம் அரசியல் பொருளாதார நூலில் அவர் வைக்கும் கணக்கு எளியது. ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும். அதற்கு ஈடாக மாற்றிக்கொள்ளும் மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலுக்கோ துணிக்கு 90, மதுவுக்கு 80 போதும். இரண்டிலும் போர்ச்சுகலே கைதேர்ந்தது. ஆயினும் அது மதுவை மட்டும் செய்து துணியை வாங்கிக்கொண்டால், 90 பேர் நெய்ய வேண்டிய துணி 80 பேரின் உழைப்புக்குக் கிடைத்துவிடும். இங்கிலாந்துக்கும் 20 பேரின் உழைப்பு மிச்சம். எல்லாவற்றிலும் பின்தங்கியவனுக்கும் சந்தையில் இடமுண்டு என்று காட்டும் இந்த ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டின் அழகை மறுப்பார் யார்?

எண்கள் கற்பனை. நாடுகளும் சரக்குகளும் கற்பனையல்ல.

நமக்கு அலமாரியும் சாவியும் தந்த போர்ச்சுகல், 1670களில் தானே துணி நெய்ய முனைந்தது. எரிசெய்ரா பிரபு என்னும் நிதியமைச்சர் கம்பளி நெசவை வளர்த்தார். அயல்நாட்டுத் துணிகளுக்குத் தடையும் வந்தது. 1690இல் அவர் மறைந்தார். அதே பத்தாண்டில் பிரேசிலில் பொன் கிடைத்தது. அடுத்து ஸ்பானிய வாரிசுரிமைப் போர் மூள, இங்கிலாந்தின் கடற்படைக்குப் போர்ச்சுகலின் துறைமுகங்கள் தேவைப்பட்டன. அந்த நெருக்கடியில், 1703 டிசம்பர் 27 அன்று, லிஸ்பனில் மெத்துவென் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மிகச் சிறிய ஆவணம். ஆங்கிலேயக் கம்பளித் துணி தடையின்றி நுழையும். பதிலுக்குப் போர்ச்சுகல் மதுவுக்கு, பிரெஞ்சு மதுவுக்குரிய சுங்கத்தில் மூன்றிலொரு பங்கு குறையும். சாரம் இவ்வளவே.

துணி வந்தது, மதுவும் போயிற்று. ஆனால் மது விற்ற பணம் துணிக்குப் போதவில்லை. குறைந்ததைப் பிரேசில் பொன் நிரப்பிற்று. பொன்னை வெளியே கொண்டுபோவது போர்ச்சுகலின் சட்டப்படி குற்றம். எனினும் ஆங்கிலேயப் போர்க்கப்பல்களையும், ஃபால்மவுத் துறைக்குச் செல்லும் அஞ்சல் கப்பல்களையும் சோதனையிட அங்கே எவருக்கும் உரிமையில்லை! வழி தானே திறந்துகொண்டது. மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் அந்தப் பொன்னை அரித்தெடுத்தோர் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள். கரும்பலகையில் 80 பேரும் 90 பேரும் இருக்கிறார்கள். இவர்கள் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இவ்வுடன்படிக்கை போர்ச்சுகலுக்கே சாதகம் என்று 1776இல் ஆடம் ஸ்மித் குறைபட்டுக்கொண்டார். அந்நாட்டின் தொழிலை அழித்தது அதுவே என்று 1841இல் ஃபிரெடெரிக் லிஸ்ட் சினந்தார். நெசவு நலிந்ததற்கு உடன்படிக்கை ஒன்றையே பழிப்பது மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. கப்பல் கப்பலாகப் பொன் வந்திறங்கும் நாட்டில் தறிமுன் குனிந்திருக்க யாருக்கு மனம் வரும்?

ரிக்கார்டோவையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் தந்தை ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டனில் குடியேறியவர். குடும்பத்தின் வேரோ போர்ச்சுகல் யூதர் மரபில். அந்த நாடு அவருக்கு வெறும் பெயராக இருந்திருக்குமா என்பது ஐயமே. மேலும், கோட்பாட்டின் எல்லையை அதே இயலில் அவரே குறித்துவைத்தார். மூலதனம் நாடுவிட்டு நாடு தடையின்றிச் செல்லுமாயின், மது, துணி இரண்டையும் போர்ச்சுகலிலேயே செய்வது இங்கிலாந்தின் முதலாளிகளுக்கும் நுகர்வோருக்கும் இலாபம் என்கிறார். சொந்த நாட்டைவிட்டுப் பெயர மனிதர்க்குள்ள தயக்கமே அதைத் தடுக்கிறது என்றும், அத்தயக்கம் தளர்வதைக் காண வருந்துவேன் என்றும் எழுதுகிறார். அன்றைய கரும்பலகையில் அந்த வரிக்கு இடமிருந்தது, எழுதியிருக்கவில்லை.