பிணத் தொழிற்சாலையும் ஏழு தந்திரங்களும்

கொஞ்சம் நீளமான த்ரெட். வரலாறுதான். ஆனால் வீட்டில் ஸ்கூல் போகும் பிள்ளைகள் இருப்பவர்களும், ஆசிரியர்களும் பொறுமையா கடைசி வரை படிங்க.

1917 ஏப்ரல். முதல் உலகப் போர் உச்சத்தில் இருக்கு. லண்டனில் டைம்ஸ், டெய்லி மெயில் ரெண்டு பத்திரிகையிலும் ஒரு செய்தி வருது. போரில் செத்துப்போன தங்கள் சொந்த வீரர்களின் உடல்களையே ஜெர்மானியர்கள் ஆலைக்குக் கொண்டுபோய், காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று.

ஆதாரம் என்ன தெரியுமா? ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வந்த "கடாவர்" என்ற சொல்தான் முக்கிய ஆதாரம். அனாட்டமி ஹாலில் நாங்க கடாவர்னு சொன்னா மனித உடல். ஆங்கிலத்தில் அப்படித்தான். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் பொதுவா செத்த விலங்கைக் குறிக்கும். குதிரை, மாடு மாதிரி. அங்கே இருந்தது விலங்குக் கழிவை பதப்படுத்தும் ஆலை. ஒரே ஒரு சொல்லை மாத்திப் படிச்சதில் ஒரு நாடே பிணம் தின்னும் பேயா மாறிடுச்சு.

போர் முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சு, 1925ல், அந்தக் கதைக்கு அடிப்படையே இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். இந்த 1925ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

இப்போ அமெரிக்கா. 1917ல் போரில் இறங்கினதும் ஜனாதிபதி வில்சன், ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகையாளர் தலைமையில் ஒரு பிரச்சாரக் குழு போட்டார். நாடு முழுக்க சுமார் 75,000 தன்னார்வலர்கள். சினிமா கொட்டகையில் ரீல் மாத்துற இடைவெளியில் எழுந்து நாலு நிமிஷம் போருக்கு ஆதரவா பேசுவாங்க. பக்கத்து வீட்டுக்காரர், ஊர் வக்கீல், தெரிஞ்ச முகங்கள். அதுதான் அதன் பலமே!

அதே நேரத்தில் போரை எதிர்த்துப் பேசினால் ஜெயில். சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918 ஜூனில் ஓஹையோவில் ஒரு கூட்டத்தில் பேசினார். 10 வருஷம் தண்டனை. அந்தப் பேச்சைக் கேட்டு எழுதின ஒரு உள்ளூர் நிருபர் கோர்ட்டில் அரசுத் தரப்பு சாட்சியா நின்னார். அவர் பெயர் கிளைட் மில்லர்.

இந்த கிளைட் மில்லர்தான் பிறகு கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்குப் போய், 1937ல் நியூயார்க்கில் பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனத்தைத் தொடங்கினவர். ஒரு காலத்தில் தானே அந்த இயந்திரத்தில் ஒரு பல்சக்கரமா இருந்தவர், அது எப்படிச் சுத்துதுன்னு மாணவர்களுக்குக் கழட்டிக் காட்ட வந்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான்.

அவங்க வகுப்பறைக்குக் கொடுத்தது ஏழு தந்திரங்கள். எதிரிக்குப் பட்டப்பெயர் வைப்பது, கேட்க ஜொலிக்கிற ஆனா அர்த்தம் பிடிபடாத பெரிய வார்த்தைகள், கொடி, கடவுள் இதன் மரியாதையைக் கடன் வாங்குவது, பிரபலத்தை விட்டுச் சொல்லவைப்பது, "நானும் உங்களில் ஒருத்தன்", "எல்லாரும் வந்தாச்சு, நீ மட்டும்தான் பாக்கி", அப்புறம் வசதியானதை மட்டும் காட்டி மிச்சத்தை மறைப்பது.

போஸ்டர் ஒண்ணை எடுத்து வச்சா பிள்ளைங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க. 1917 காலத்து அமெரிக்கப் போஸ்டர் ஒண்ணு இருக்கு, ஹாப்ஸ் வரைஞ்சது. ஜெர்மன் ஹெல்மெட் போட்ட கொரில்லா, ஒரு கையில் ரத்தக்கறை படிஞ்ச தடி, மறு கையில் ஒரு பெண், அமெரிக்கக் கரையில் கால் வைக்குது. "ராணுவத்தில் சேர்." எதிரிக்கு முகமே இல்லை பாருங்க. முகம் இருந்தா அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாளேன்னு தோணிடும்.

ஆனால் கொரில்லா கண்ணுக்குத் தெரியும். ஏழில் கஷ்டமானது கடைசிதான், மறைப்பது. இல்லாததை எப்படிப் பார்க்கிறது?

டாக்டரா எனக்கு இதுக்கு பிலடெல்பியாவை விட நல்ல உதாரணம் தெரியாது. 1918 செப்டம்பர் 28. போர்க்கடன் பத்திரம் விற்க பிரம்மாண்ட ஊர்வலம். ஊருக்குள் ஃப்ளூ ஏற்கனவே நுழைஞ்சாச்சு. ரத்து பண்ணுங்கன்னு டாக்டர்கள் சொன்னாங்க. நடத்தினாங்க. சுமார் 2 லட்சம் பேர் தெருவில். மூணே நாளில் ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. ஆறு வாரத்தில் 12,000 பேருக்கு மேல் சாவு.

போர் செய்யும் நாடுகளில் நோய்ச் செய்தியை அடக்கி வாசிச்சாங்க, மக்கள் மனசு தளரக்கூடாதாம். போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் வெளிப்படையா எழுதின. பலன், நோய்க்கே "ஸ்பானிஷ் ஃப்ளூ"ன்னு பெயர். உண்மையைச் சொன்னவன் தலையில் பழி!

சரி, அப்போ ஏழையும் மனப்பாடம் பண்ண வச்சா போதுமா? போதாது. இங்கேதான் ஒரு சிக்கல்.

போலியோ சொட்டு மருந்துக்கு அமிதாப் பச்சன் டிவியில் வந்து பேசினாரே, அது என்ன? பிரபலத்தை விட்டுச் சொல்லவைப்பது. ஏழில் ஒண்ணு. ஆனா அவர் சொன்னது உண்மை. தந்திரத்தைக் கண்டுபிடிச்சதாலேயே சேதி பொய்னு ஆகாது. தந்திரத்துக்குப் பெயர் வைக்க மட்டும் கத்துக்கிட்ட மாணவன் எல்லாத்தையும் பார்த்து "சும்மா பிரச்சாரம்"னு சிரிச்சுட்டுப் போயிடுவான். மாணவர்களை எதையும் நம்பாதவர்களா ஆக்குறீங்கன்னு மில்லரின் நிறுவனத்தையும் அன்னைக்கே விமர்சிச்சாங்க. அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் போனதும், 1942 தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

இப்போ அந்த 1925க்கு வருவோம்.

1942 டிசம்பர் 17. ஹிட்லர் யூதர்களை ஒட்டுமொத்தமா அழிக்கிறார் என்ற நேச நாடுகளின் அறிக்கையை ஈடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் படிக்கிறார். உறுப்பினர்கள் எழுந்து மௌனமா நின்றார்கள். ஆனால் 1943லும் பிரிட்டனின் கூட்டு உளவுக் குழுத் தலைவர் கேவண்டிஷ் பெண்டிங்க், விஷவாயு அறைச் செய்திகளைப் பார்த்து, இது போன போரில் வந்த அந்தக் கொழுப்புக் கதையை நினைவூட்டுதுன்னு சந்தேகமா குறிப்பு எழுதினார்.

வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மேலோட்டமா பார்த்தா ரெண்டும் ஒண்ணு. கொடூரமான எதிரி, நம்ப முடியாத செயல், போர்க்காலம். இப்போ கேட்கச் சொல்லுங்க. நேரில் பார்த்தது யார்? அவருக்குப் பெயர் இருக்கா? வேற வழியில் வந்த தகவல் ஒத்துப்போகுதா? 1917 செய்தியை அப்படிக் கேட்டா கையில் மிஞ்சுவது ஒரு சொல். 1942ல் போலந்து அரசு கொடுத்த ஆவணங்கள் இருந்தன. வார்சா கெட்டோவுக்குள் ரகசியமா போய்ப் பார்த்துட்டு வந்த யான் கார்ஸ்கி என்ற மனிதர் இருந்தார்.

கார்ஸ்கி 1943ல் வாஷிங்டன் போய் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அவரும் யூதர்தான். முழுசா கேட்டுட்டு, என்னால் நம்ப முடியலைன்னு சொன்னார். இந்த இளைஞர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான் என்று கூட இருந்தவரிடம் விளக்கினார்.