'இல்லை' என்று சொல்லும் காதல்: ஒரு பாட்டு உருவான கதை

இன்ஜினியரிங் படித்தவனுக்கும் பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரே பாட்டுதான். 'ஐயம் நாட் இன் லவ்'. 1975-ல் டென் சிசி என்ற இங்கிலாந்து பாப் குழு வெளியிட்டது.

குழுவில் நாலு பேர். எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கூல்ட்மன், கெவின் காட்லி, லால் க்ரீம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்டாக்போர்ட்டில் இருந்த ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸ்டூவர்ட்டும் ஒரு பங்குதாரர். பாடகரும் அவரே, ஒலிப்பதிவு இன்ஜினியரும் அவரே.

'உங்கள் மேல் எனக்குப் பிரியம்னு நீங்க அடிக்கடி சொல்றதே இல்லையே' என்பது அவர் மனைவியின் குறை. அடிக்கடி சொன்னால் அந்த வார்த்தைக்கே மதிப்புப் போய்விடும் என்பது இவர் வாதம். அந்த வாதத்திலிருந்து பிறந்ததுதான் பாட்டு. கூல்ட்மனோடு சேர்ந்து எழுதினார்.

முதலில் பிரேசில் நாட்டு பாஸ நோவா தாளத்தில் பதிவு செய்தார்கள். காட்லிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று முடிவாகி டேப்பையே அழித்துவிட்டார்கள். ஆனால் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அந்த மெட்டை விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்களாம்! மறுபடி எடுத்தார்கள். வேண்டாம் என்ற அதே காட்லிதான் இப்போது வழியும் சொன்னார்: வாத்தியங்களை ஒதுக்கி, குரல்களாலேயே செய்வோம். டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிட்டால் குரல் முடிவில்லாமல் நீளும் என்றார் க்ரீம்.

இனி நம்ம சப்ஜெக்ட். மூன்று பேர் ஒரே சுரத்தை 16 தடவை பாடினால் 48 குரல். இப்படி ஒவ்வொரு சுரத்துக்கும். பாடி முடிக்கவே சுமார் மூன்று வாரம். டேப் வளையம் மைக் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எல்லாச் சுரங்களையும் 16 டிராக் டேப்பில் ஏற்றி, மிக்ஸிங் மேஜையின் ஃபேடர்களை நாலு பேரும் கையால் ஏற்றி இறக்கினார்கள். மேஜையே வாத்தியமாகிவிட்டது. எந்த ஃபேடரும் முழுசாக மூடாதபடி கீழே டேப் ஒட்டிவைத்தார்கள். அதனால் எல்லாச் சுரங்களும் மெலிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். பாட்டு முழுக்க வரும் பனிமூட்டம் அதுதான். நடுவில் ரகசியம் பேசும் பெண்குரல், அந்தக் கூடத்தின் வரவேற்பாளருடையது.

பாட்டில் வருபவன் காதலே இல்லை என்று காரணம் மேல் காரணமாக அடுக்குகிறான். அடுக்க அடுக்க அவன் வசமாக மாட்டிக்கொண்டது நமக்குத் தெரிகிறது. வாய் மறுப்பதை, பின்னால் நிற்கும் அத்தனை குரல்களும் ஒப்புக்கொண்டுவிடுகின்றன. செய்த விதமும் சொன்ன பொருளும் இங்கே ஒன்றுதான்.

பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 2-ஆம் இடம். அடுத்த வருஷமே, 1976-ல், காட்லியும் க்ரீமும் குழுவை விட்டு விலகினார்கள். பாட்டு நின்றுவிட்டது. 2014-ல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' படத்தின் தொடக்கத்தில் இன்றைய மாணவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள்.

தம்பி, தங்கைகளே, உங்கள் பிராஜெக்ட் குழுவிலும் 'இது சரிவராது' என்று ஒருத்தர் சொல்வார். கோபப்படாதீர்கள். 'சரி, நீயே ஒரு வழி சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள்.