உருவத்துக்கு முன் வந்த குரல்: காரைக்குடி இசைத்தட்டு வணிகமும் 'கோச்சடையான்' பாடல் தொகுப்பும்

'கோச்சடையான்' பாடல்கள் 2014 மார்ச் 9 அன்று சென்னை சத்யம் திரையரங்கில் வெளியிடப்பட்டன. படம் திரைக்கு வந்தது மே 23 அன்று. இடையே 75 நாள். பாடல் தொகுப்புக்கு ஐந்து மாதம் முன்பே, 2013 அக்டோபர் 7 அன்று, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய 'எங்கே போகுதோ வானம்' மட்டும் தனிப்பாடலாக வெளிவந்திருந்தது. ரஜினிகாந்த் உள்ளிட்ட நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து கணினியில் உருவங்களை வார்த்தெடுத்த படம் இது. ஆகவே இதன் வரலாற்றை எழுதுவோர் லண்டன் பைன்வுட் ஸ்டுடியோவில் 2012இல் நடந்த அசைவுப் பதிவிலிருந்து தொடங்குவது வழக்கம். படத்துக்கு அது சரி, பாடலுக்குச் சரியல்ல என்பது என் கருத்து. உருவம் முடியுமுன்பே குரல் கடைக்குப் போகிற இந்த ஏற்பாட்டின் வேர், செட்டிநாட்டு இசைத்தட்டு வணிகத்தில் இருக்கிறது.

நாச்சியாபுரம், குன்றக்குடி, காரைக்குடி வட்டாரத்தில் நகரத்தார் வீடுகளுக்கு கிராமபோன் வந்த வழியும் பணம் வந்த வழியும் ஒன்றுதான். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்கு அந்தப் பெட்டி வாங்கக் கட்டுப்படியாகும் பொருள். ஆனால் அதைக் கையாளுவதற்குப் பொறுமை வேண்டும். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எஃகு ஊசியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தட்டு தேய்ந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். ராக ஆலாபனை என்றாலும் நாடகக் காட்சி என்றாலும் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும். இன்றைய திரைப்பாடலின் நீளத்துக்கு முதல் அளவுகோல் போட்டது எந்த இசையமைப்பாளரும் அல்ல, இந்தத் தட்டுதான்.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டு விற்பனையும் இருந்தது. அவர் மகன் மெய்யப்பன் (பிறப்பு 1907), விற்பதோடு நில்லாமல் தயாரிப்பிலும் இறங்கினார். 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். நாடகங்களை 'செட்டு செட்டாக'த் தட்டில் பதித்து விற்ற காலம் அது. முழு நாடகத்தையும் முகம் பார்க்காமல் காதால் கேட்டுப் பழகிய ஒரு கூட்டம் அப்படித்தான் உருவானது. 'அல்லி அர்ஜுனா', 'ரத்னாவளி' என அவர் எடுத்த முதல் படங்கள் இரண்டும் கையைக் கடித்தன. இசைத்தட்டு வியாபாரம் அவரைக் கைவிடவில்லை. சினிமா முதலாளி பாட்டு விற்கவில்லை, பாட்டு விற்றவர் சினிமா முதலாளியானார். இந்த வரிசையை நம் சினிமா வரலாறுகள் போதிய அளவு கவனிக்கவில்லை.

1938இல் மெய்யப்பனின் 'நந்தகுமார்' வெளிவந்தது. நடிகை ஒருவரின் பாட்டுக் குரல் திருப்தி தராததால் லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்து, அந்தக் குரலைத் திரையில் இருந்த முகத்துக்குப் பொருத்தினார்கள். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுவே. நல்ல குரலுக்கு என்ன விலை என்று தட்டு விற்றுத் தெரிந்துகொண்ட ஒருவருக்கு, குரலையும் முகத்தையும் பிரிப்பது தெய்வக் குற்றமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

அதே 1938இல் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. வால்ட் டிஸ்னியின் முழுநீள அனிமேஷன் படமான 'ஸ்னோ ஒயிட்' முந்தைய டிசம்பரில் வெளியாகியிருந்தது. அதன் பாடல்களை விக்டர் நிறுவனம் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. அதுவரை திரைப்பாடல்களைத் தட்டுக்கென்று தனியாக மறுபடி பாடிப் பதிவது வழக்கம். இதிலோ படத்தின் ஒலித்தடமே தட்டில் ஏறியது. வரைந்த உருவத்துக்குச் சொந்தக் குரல் கிடையாது. ஆகவே ஒலித்தடத்தில் இருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் குரல். இன்னொருவரை வைத்துப் பாடினால் பாத்திரமே மாறிவிடும். திரைப்பாடல் 'ஆல்பம்' என்ற சரக்கு ஓர் அனிமேஷன் படத்தோடு பிறந்ததற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

மெய்யப்பனின் ஏவி.எம். நிறுவனம் 1945இல் உருவாகி, போர்க்கால நெருக்கடியில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ அமைத்தது. அங்கே எடுத்த 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதி பாடல்கள் இடம்பெற்றன, டி.கே. பட்டம்மாளின் குரலுக்குக் குமாரி கமலா ஆடினார். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மெய்யப்பன் முன்பே விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். பிறகு ஓமந்தூரார் தலைமையிலான சென்னை மாகாண அரசு கேட்டபோது காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். இந்தக் கொடையைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். அதற்குச் சற்றும் குறையாத செய்தி, பாட்டுக்குத் தனி உரிமை உண்டு, அதைப் படத்திலிருந்து பிரித்து வாங்கலாம், விற்கலாம் என்ற கணக்கு அன்றே அவரிடம் தெளிவாக இருந்தது என்பது.

அனிமேஷன் இந்த வழியில் வந்து சேர நெடுநாள் ஆனது. 1989இல் அதே ஏவி.எம்., காரைக்குடிக்காரரான எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 'ராஜா சின்ன ரோஜா' எடுத்தது. சந்திரபோஸ் இசையில் வந்த ஒரு பாட்டில் ரஜினிகாந்தோடும் குழந்தைகளோடும் வரைந்த விலங்குகள் சேர்ந்து ஆடின. வரைகலை ராம் மோகனுடையது. பாட்டைப் பதிந்து, அதை ஒலிக்கவிட்டு நடிகர்களைப் படம்பிடித்து, பிறகு படச்சுருளின் கட்டத்துக்குக் கட்டம் விலங்குகளைச் சேர்த்தார்கள். 2007இல் இளையராஜா இசையமைத்த 'இனிமே நாங்கதான்' முழுக்க அனிமேஷனாக வந்தது. பேசப்பட்ட அளவுக்கு ஓடவில்லை; இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த திரைக்கதாசிரியர் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'யில் அறிமுகப்படுத்தியவர் இளையராஜா என்பதால் இந்தக் கதையிலும் செட்டிநாடு ஓர் ஓரத்தில் நிற்கிறது என்று ஊர்ப்பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அனிமேஷன் பாட்டு ஏன் முன்கூட்டியே முடிந்தாக வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் தாளமென்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 கட்டம். 96 தட்டென்றால் 15. ஆனால் 100 தட்டு என்று வைத்தால் 14.4 வரும், கால் தரையில் படும் கட்டம் தாளத்தோடு முழுசாக ஒட்டாது, பகிர்ந்து சரிக்கட்ட வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 7,200 கட்டம். பாடகர் ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால், அந்த இழுப்பில் உதடு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதும் மாறும். நடிகரை வைத்து எடுக்கும் படத்தில் பாட்டை மாற்றினால் மறுபடி ஒரு நாள் படப்பிடிப்பு. இங்கோ மாதக்கணக்கான வேலை குப்பைக்குப் போகும். எனவே 'கோச்சடையா'னில் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் முடித்துத் தந்த ஒலித்தடம்தான் இயக்குநர் சௌந்தர்யா ரஜினிகாந்தின் குழுவுக்கு நில அளவைப் படம் மாதிரி.

சோனி மியூசிக் வெளியிட்ட தமிழ்த் தொகுப்பில் ஒன்பது தடங்கள். பாடல்கள் வைரமுத்துவும் வாலியும் எழுதியவை. 'மெதுவாகத்தான்' வாலியுடையது; அவர் 2013 ஜூலை 18இல் காலமானார், பாட்டு வெளிவந்தது அடுத்த மார்ச்சில். படத்திலோ 2009இல் மறைந்த நாகேஷைக் கணினி உருவமாகத் திரும்ப வரவழைத்திருந்தார்கள். ஆனால் பேசிய குரல் வேறொருவருடையது. 'நந்தகுமா'ரில் நடிகையின் குரலை மட்டும் மாற்றினார்கள். இங்கே முகமும் வார்த்தது, குரலும் இரவல்.

இந்தத் தொகுப்பை விற்றது எந்த உருவம் என்று பார்த்தால் சுவையான முரண் ஒன்று தெரியும். கோச்சடையான், ராணா என்ற பாத்திரங்களின் பெயரில் அது விலைபோகவில்லை. ரஹ்மான், எஸ்.பி.பி., ரஜினி என்ற பழகிய பெயர்களில்தான் விலைபோனது. 'மாற்றம் ஒன்றுதான் மாறாதது' தடத்தில் ரஜினியின் சொந்தக் குரலே பேசுகிறது. 1992இல் 'மன்னன்' படத்துக்காக அவர் பாடியபிறகு அவர் குரல் பாட்டுத் தட்டில் வருவது அபூர்வம். அவர் மனைவி லதா 'மணப்பெண்ணின் சத்தியம்' பாடினார். ஹரிசரண் 'மணமகனின் சத்தியம்' பாடினார். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனத் தனித்தனித் தடமாக வைத்ததைக் காட்சியின் தேவையாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒரே தட்டின் இரு பக்கம்போல, கதை தெரியாதவரும் கேட்கக் கூடியவை அவை. படம் வந்தபோது உருவங்களின் அசைவைப் பற்றிப் பலத்த குறை எழுந்தது. பாடல்களைக் கேட்டவர்களுக்கு அந்தக் குறை எட்டவில்லை. அவர்கள் 75 நாள் முன்பே, உருவத்தைத் தாங்களே கற்பனை செய்து கேட்டு முடித்திருந்தார்கள்.