புகைக் கூடத்தில் மறைந்திருந்த ஈரம்

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் கல் தெறித்து உண்டாகும் சிறு புண்ணைச் செப்பனிடுவோர் முதலில் தேடுவது ஈரத்தைத்தான். மேலே துடைத்தால் காய்ந்ததுபோலத் தோன்றும். வெடிப்பின் கால்களுக்குள்ளோ மழைநீர் நுண்துளியாய்த் தங்கியிருக்கும். அதன்மேல் பிசினைச் செலுத்தினால் அது கண்ணாடியைப் பற்றாது. இடமும் வெளுத்து மங்கும். எனவே மெல்லச் சூடு காட்டி ஈரத்தைப் போக்கி, கண்ணாடி ஆறிய பின்னரே பிசினை இடுவர். பதறி மிகுசூடு காட்டினால் வெடிப்பு நீண்டுவிடும்.

இதே பாடத்தை மலாக்காத் தோட்டத் தமிழர் வேறொரு பொருளில் முன்னரே கற்றிருந்தனர். அப்பொருள் அவ்வண்டிகளின் சக்கரத்துக்குச் சென்ற ரப்பர்.

1896இல் டான் சே யான் என்னும் சீனப் பெருந்தகை மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் பரந்தது. மோட்டார் வண்டிகள் பெருகவே ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் மலிந்தன. கங்காணிகள் வழியே தமிழகத்துச் சிற்றூரார் வந்து லயங்களில் குடியேறினர். மரம் வெட்டியவர்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். புகைக் கூடத்தில் நின்றவர்களை நினைத்தோர் சிலரே.

விடியலில் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலமிட்டு உறைய வைப்பர். உறைந்த கட்டியை உருளைகளில் இட்டு மெல்லிய தகடாக்குவர். கடைசி உருளை தகட்டில் வரிவரியாகப் பள்ளம் பதிக்கும். அது வெறும் அழகுக்கன்று; தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும், காற்றுப் படும் பரப்பையும் கூட்டும். நீர் சொட்டி வடிந்தபின் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நான்கைந்து நாள் வைப்பர்.

அங்கேதான் திறமை வேண்டும். முதல் நாளிலேயே நெருப்பை மூட்டிவிட்டால் தகட்டில் கொப்புளம் கிளம்பும். மேற்புறம் காய்ந்து உள்ளீரம் சிறைப்படும். ஆதலால் தொடக்கத்தில் 40 பாகை செல்சியஸ் அளவில் வைத்துப் படிப்படியாக 60 வரை ஏற்றுவர். புகையிலுள்ள பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் உள்ளே ஈரமிருந்தால் புகையும் முழுக் காவலாகாது.

காய்ந்ததா என்று அறிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பர். நன்கு காய்ந்த தகடு தேன்நிறமாய் ஒளி புகவிடும். ஈரம் நின்ற இடம் வெள்ளைத் திட்டாய்த் தெரியும். அத்திட்டைக் காணாது சிப்பங் கட்டினால் கப்பலின் அடித்தட்டில் பூஞ்சணம் படரும், தரம் இறங்கும், விலையும் விழும். கடல் கடந்து தரம் பார்ப்பவரிடம் போகுமுன் அந்த வெள்ளைத் திட்டைப் பிடித்தவை பெரும்பாலும் பெயர் பதியாத தொழிலாளரின் கண்களே.

1965இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் தரநிர்ணயமுள்ள கட்டி ரப்பர் அறிமுகமாயிற்று. அம்முறையில் ரப்பரைச் சிறு துகள்களாக்கி வெப்பக் காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்த்தினர். எஞ்சிய ஈரத்தைச் சோதனைக்கூடத்தில் அளந்தனர். தகட்டை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்க்கும் வேலைக்கு அங்கே இடமில்லை.