விகிதம் விதித்தவர் யார்?

விகிதம் என்றொரு சொல். கணக்கு நூலிலே கண்டிருக்கிறோம், கடைத்தெருவிலே கேட்டிருக்கிறோம், அரசாணைகளிலே படித்திருக்கிறோம். அச்சொல் எங்கிருந்து வந்தது, எவருக்குப் பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்தோமா?

வடமொழியில் ‘விஹிதம்’ என்றால் விதிக்கப்பட்டது என்று பொருள். சாத்திரம் எதை விதித்ததோ அது விஹிதம். விகிதாசாரம் என்னும் சொல்லின் வாலிலே இன்றும் ஆசாரம் ஒட்டிக்கொண்டிருக்கக் காண்கிறோம்! எவருக்குக் கல்வி, எவருக்குக் கழனிச் சேறு என்று அன்று விதித்தவர் சாத்திரக்காரர். தலைகளை எண்ணியா விதித்தார்? தலையெழுத்து என்று சொல்லி விதித்தார்.

அந்தச் சொல்லைத் தமிழ் மக்கள் தம் வழக்கிலே திருத்திக்கொண்டனர். ஓர் அளவு மற்றோர் அளவோடு பொருந்தி நிற்பதே விகிதம் என்றனர். பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு எண்கள் வேண்டும். மக்கள் எத்தனை பேர், பங்கு எவ்வளவு என்னும் இரண்டு எண்கள்.

1916ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை அந்த இரண்டு எண்களையும் அருகருகே நிறுத்தியது. சென்னை மாகாண மக்கள் ஏறத்தாழ நான்கு கோடி. அவர்களில் பார்ப்பனர் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். 1913இல் நிலையான மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் பார்ப்பனர் 93 பேர்! வசைமொழி எதற்கு? எண்களே வழக்குரைத்தன.

நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் முதல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. 1928இல் அமைச்சர் எஸ்.முத்தையா முதலியாரின் முயற்சியால் அது செயலுக்கு வந்தது. 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1.

இந்தக் கணக்கைக் கூர்ந்து நோக்குவோம். நூற்றுக்கு நால்வருக்கும் குறைந்த பார்ப்பனருக்கு ஆறில் ஒரு பங்கு. மக்களில் பெரும்பாலோரான பார்ப்பனரல்லாத இந்துக்களுக்குப் பாதிகூட இல்லை. நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் இருந்த தாழ்த்தப்பட்டோருக்குப் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று. பார்ப்பனருக்கு அநீதி என்று ஓலமிட்டோர் இந்த விகிதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தனரா? உண்மையில் குறைத்து அளக்கப்பட்டவர் சேரியிலே இருந்தனர். அவர்களுக்காக எழுந்த ஓலம் எத்தனை?

1947இல் ஆணை திருத்தப்பட்டது. 14 இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2 எனக் கணக்கு சற்றே நேரானது. நேராகிய கணக்கைப் பொறுப்பார்களா? செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1950இலும், உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் ஆணையைச் செல்லாதென்றன. பெரியாரின் தலைமையில் தமிழகம் கொதித்தெழுந்தது. அதே 1951இல் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15(4) என்னும் பிரிவு பிறந்தது.

இன்றும் சொற்போர் ஓயவில்லை. இடஒதுக்கீடு பாதிக்கு மேல் போகலாகாது என்று 1992இல் உச்சநீதிமன்றம் வரம்பு கட்டியது. அந்தப் பாதி எந்த மக்கள் தொகையை வகுத்து வந்த ஈவு? இந்தியா முழுமைக்கும் சாதிகளை எண்ணி முழுமையாக வெளியிட்ட கணக்கு 1931ஆம் ஆண்டுக் கணக்குதான். எண்ணாமல் விதிப்பது பழைய விஹிதம். எண்ணியபின் பகிர்வதே விகிதம். வரும் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. எண்ணி முடிப்பதும், எண்ணியதை மறைக்காமல் வெளியிடுவதும் நடந்தேற நாம் விழித்திருந்து கேட்க வேண்டும்.

தோழர்களே! பிறரை அளக்கும் கோலால் நம்மையும் அளப்பதே பகுத்தறிவு. 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று 2009இல் தமிழக அரசு உள்ஒதுக்கீடு வழங்கியது அந்த அறிவின் வழிப்பட்டதே. பின்தங்கியோருக்குள்ளும் பின்தங்கியோர் எவர் என்று கேட்கும்போது முகம் சுளிப்போமாயின், சாத்திரக்காரரின் இருக்கையிலே நாமே அமர்ந்துவிட்டோம் என்பது பொருள். விகிதம் என்ற சொல்லை நாம் வென்றெடுத்தோம். கடைசி மனிதரின் பங்கு வரை அதனைக் கொண்டுசெல்வோம்!