அணைக்கு மேலே இருந்த அண்ணன்கள் - அலமீடா ஓடையின் கதை

கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல தடுக்கி விழுந்தா ஒரு தமிழர் மேலதான் விழணும்னு சொல்லுவாங்க. அந்த ஊருக்குள்ள ஓடுற அலமீடா க்ரீக் ஓரமா ஒரு நடைபாதை இருக்கு. நம்ம மக்கள் சாயங்காலம் காலாற நடக்கிற இடம். நானும் அதுல நடக்கிற ஆளுதான். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு நூற்றாண்டுக் கதை ஓடுதுங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கதாநாயகன் பேரு ஸ்டீல்ஹெட். தனி இனமெல்லாம் இல்லை, ரெயின்போ ட்ரௌட்தான். ஒரே தாய் வயித்துக் குஞ்சுகள்ல சிலது ஓடையிலேயே தங்கிடும். சிலது ஒண்ணு ரெண்டு வருஷத்துல கடலுக்குக் கிளம்பி, அங்கே தின்னு கொழுத்து, முட்டையிட மறுபடி பிறந்த ஓடைக்கே வரும். அதுதான் ஸ்டீல்ஹெட். ஊர்ல தங்கின அண்ணன், அமெரிக்கா போன தம்பின்னு வச்சுக்குங்களேன் :-) இன்னொரு விசேஷம், பசிஃபிக் சால்மன் மாதிரி ஒரு தடவை முட்டையிட்டதும் கட்டாயம் செத்துப்போறதில்லை. பிழைக்கிறது மறுவருஷமும் வரும். கலிஃபோர்னியாவின் ரெயின்போ ட்ரௌட்டை 1855ல் கிப்பன்ஸ் என்பவர் அறிவியல் முறைப்படி விவரிச்சப்போ, அவர் கையில இருந்தது பக்கத்து சான் லியாண்ட்ரோ ஓடை மீன்கள்தான். ஆக, இது அவங்க சொந்த மண்... சாரி, சொந்தத் தண்ணி.

அப்புறம் வழியை அடைச்சது யாரு? வில்லன்னு ஒருத்தரைக் கை காட்ட முடியலைங்க. சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குத் தண்ணி வேணும். அதுக்காக ஸ்ப்ரிங் வேலி கம்பெனி கலவெராஸ் அணையைக் கட்டுச்சு. 1918ல் பாதி கட்டும்போதே ஒரு பகுதி சரிஞ்சுது, விடாம 1925ல் முடிச்சாங்க. 1950களில் வெள்ளம் வந்து ஊரை மிரட்டினதும், ராணுவப் பொறியாளர்கள் கீழ்ப்பகுதி ஓடையை நேரான வெள்ளக் கால்வாயா மாத்தினாங்க. பார்ட் ரயில் பாலத்தோட தூண்களை அரிப்புல இருந்து காப்பாத்த ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கான்கிரீட் தடுப்பு. கிணறுகள்ல விரிகுடா உப்பு ஏறினதால, தண்ணியைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்க, காத்தடிச்சு நிமித்துற ரப்பர் அணைகள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கு. எல்லாம் சேர்ந்தப்போ மீனுக்குக் கதவு சாத்தியாச்சு.

1997ல் இந்தப் பகுதி ஸ்டீல்ஹெட்டை அழிவு அபாயப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதே வருஷம் அலமீடா க்ரீக் அலையன்ஸ்னு உள்ளூர் ஆட்கள் ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அந்தக் குளிர்காலங்கள்ல, பார்ட் தடுப்புக்குக் கீழே பெரிய பெரிய மீன்கள் ஏற முடியாம நின்னுச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் வழி தேடி வந்திருக்குங்க! தன்னார்வலர்கள் தண்ணியில இறங்கி வலை போட்டு, அதுகளை எடுத்துட்டுப் போய் தடுப்புக்கு மேலே நைல்ஸ் பள்ளத்தாக்குல விட்டாங்க (சார்லி சாப்ளின் 1915ல் 'தி ட்ராம்ப்' எடுத்தாரே, அதே நைல்ஸ்).

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் அடுத்து வர்றது. அணைக்கு மேலே மலையோடைகள்ல மாட்டிக்கிட்ட ட்ரௌட்டுகளை மரபணுச் சோதனை செஞ்சு பார்த்தாங்க. பண்ணையில வளர்த்துவிட்ட மீனோட வாரிசு இல்லை, பழைய ஸ்டீல்ஹெட் வம்சமேதான்! தம்பிகளுக்கு வழி அடைபட்ட பிறகும், ஊர்ல தங்கின அண்ணன்கள் குடும்பத்தைக் காப்பாத்தி வச்சிருந்தாங்க. திரும்பி வர ஒரு வீடு இன்னும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்தது பொறுமையின் வரலாறு. 2006ல் நைல்ஸ், சுனோல்னு ரெண்டு பழைய அணைகளை இடிச்சாங்க. நிலநடுக்க பயத்தால கலவெராஸ் அணையையே புதுசாக் கட்டி 2019ல் முடிச்சாங்க, மீனுக்கும் தண்ணி திறக்கணும்ங்கற நிபந்தனையோட. பார்ட் தடுப்பைத் தாண்ட மீன் ஏணி 2022ல் தயாராச்சு. படிப்படியா சின்னச் சின்னத் தொட்டிகள். மீன் ஒவ்வொண்ணா ஏறிப் போகலாம். 2025ல் சுனோல் பக்கம் எரிவாயுக் குழாயை மூடியிருந்த கான்கிரீட் தடையையும் எடுத்தாச்சு.

ஏணி வச்சுட்டா மீன் வந்துடுமா? மழை பொய்க்கிற வருஷங்கள்ல ஓடை கடலைத் தொடுறதே கஷ்டம். கோடையில தண்ணி சூடேறிடும். கூட்டங்கூட்டமா வரும்னு நான் கனவு காணலை. ஆனா ஒண்ணு கவனிங்க. குடிதண்ணியும் இருக்கு, ரயிலும் ஓடுது, வெள்ளக் கால்வாயும் அப்படியே இருக்கு. ஒரு ஊரே எழுந்து போகணும்னு யாரும் கேட்கலை. ஒரு கதவைத் திறந்து விடுங்கன்னுதான் கேட்டாங்க. அதுக்கே கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. நம்ம ஊர் ஆறுகளைப் பத்திப் பேசும்போது இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கலாம்.

கொசுறு: மழைக்காலத்துல அந்தப் பக்கம் நடக்கிறவங்க, பெரிய மீன் எதையாவது பார்த்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பிடிச்சுக் குழம்பு வச்சுடாதீங்க மக்களே, சட்டப்படி குத்தம்! :-)