பத்து அழைப்பும் ஒரு பருவமும்: அருணகிரிநாதர் பாடலில் கோசலையின் குரல்

திருவண்ணாமலை அருணகிரிநாதரின் ‘தொந்தி சரிய’ எனத் தொடங்கும் திருச்செந்தூர்த் திருப்புகழில், கோசலை இராமனைப் பத்து முறை ‘வருக’ என்று அழைக்கிறாள். இப்பத்தும் காப்பு முதல் சிறுதேர் வரையிலான பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைக் குறிப்பால் உணர்த்துவன என்னும் விளக்கம் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பருவங்களைக் குழந்தை வளர்ச்சியின் படிகளாக வாசிப்போருக்கு இது கவர்ச்சியான சான்று. இருபத்தொரு மாத வளர்ச்சி முழுவதையும் ஒரு தாயின் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம் அல்லவா? ஆனால் பாடலின் அமைப்பு இவ்விளக்கத்துக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பத்து அழைப்பும் ‘வருகை’ என்னும் ஒரே பருவத்துக்கு உரியவை. அந்த ஒன்றைக் கொண்டே அருணகிரியார் பாடலின் இரு பாதிகளையும் பிணைத்திருக்கிறார்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். அழைப்பு நிகழும் இரண்டு அடிகளிலும், அடியின் ஈற்றில் தனித்து நிற்கும் தொங்கலுக்கு முன், ஒரே சந்தக் கண்டம் மும்முறை மடங்கி வருகிறது. கண்டத்துக்கு இரண்டு ‘வருக’ என்பது அங்கே நிலைபெறும் ஓசை. அவ்வாறே நடந்திருந்தால் ஆறு கண்டங்களுக்குப் பன்னிரண்டு வந்திருக்கும். கோசலை பரிவோடு இவ்வாறு சொன்னாள் என்னும் முடிப்புத் தொடர் ஆறாம் கண்டத்தை எடுத்துக்கொள்ளவே, எஞ்சியவை பத்து. சந்தம் தந்த இந்த எண்ணைப் புலவர் விரும்பியே ஏற்றிருக்கலாம் என்பதை முற்றாக மறுக்க இயலாது. ஆனால் ஓசைக் கணக்கிலேயே விளக்கம் பெற்றுவிட்ட எண்ணுக்கு மறைபொருள் தேடுவோர், பாடலின் பொருளிலிருந்து தனிச்சான்று காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அந்தச் சான்று பாடலில் இல்லை. முதல் ஆறு அழைப்புகளும் உறவையும் உரிமையையும் சொல்லும் விளிகள்: தந்தை, குலத்தலைவன், இருவேறு சொற்களில் மகன், கண், உயிர். ஏழாவது ‘இங்கு’ என்று இடம் சுட்டுகிறது. எட்டாவது அரசன் என்கிறது. ஒன்பதாவது பாலுண்ணவும், பத்தாவது மலர் சூடவும் அழைக்கின்றன. கைகொட்டும் சப்பாணியோ, வான்நிலவை விளையாட அழைக்கும் அம்புலியோ, பறையோ, தேரோ எங்கும் தலைகாட்டவில்லை. வரிசைப்படி பொருத்தினால் மலர்சூட்டல் சிறுதேருக்கு நேராக வந்து நிற்கும். இரண்டுக்கும் என்ன தொடர்பு? பாலுண்ணவும் மலர் சூடவும் அழைக்கும் இந்த இரு அழைப்புகளுக்கும் உரிய முன்மாதிரி வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனைப் பாலுண்ண அழைப்பதும் பூச்சூட்ட அழைப்பதும் தனித்தனிப் பதிகங்கள். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் பத்தாக வரையறுத்த பருவங்களில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அருணகிரியார் பாட்டியலின் அட்டவணையை நினைத்துப் பாடியிருந்தால், அதற்குப் புறம்பான இவ்விரண்டையும் அழைப்பின் உச்சத்தில் வைத்திருக்க மாட்டார்.

அப்படியானால் வருகை என்பது எத்தகைய வளர்ச்சிப் படி? மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை என ஒற்றைப்படை மாதங்களாகவே நகரும் பாட்டியல் கணக்கில் அது பதின்மூன்றாம் மாதத்தில் விழுகிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வரையறை, துணையின்றி நடக்கத் தொடங்கும் காலத்தை 8.2 முதல் 17.6 மாதம் வரை விரிக்கிறது. பதின்மூன்று அந்த எல்லைக்குள் அடங்குவதைக் கொண்டு பாட்டியலின் மாதக் கணக்கு முழுவதையும் மருத்துவ அறிவாகக் கொண்டாடுவது பொருந்தாது. இவ்வளவு அகன்ற எல்லைக்குள் பல மாதங்கள் அடங்கும். கவனிக்க வேண்டியது மாதம் அன்று, செயல். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டிலில் இட்டு திருவண்ணாமலையின் மாடவீதிகளில் பெற்றோர் சுமந்து வரும் குழந்தை, பிறர் தூக்கிவரும் பருவத்தது. வருகைக் குழந்தையோ தானே வர வேண்டும். அதற்குக் காலின் வலிமை மட்டும் போதாது. அழைப்பைச் செவி ஏற்க வேண்டும், அழைப்பவரைக் கண் அறிய வேண்டும், சொல்லின் பொருள் பிடிபட வேண்டும், அதன்பின் கால் நகர வேண்டும். தளர்நடைக் குழந்தையை ஒரு சொல்லில் வரவழைக்க முடியாது என்பதைத் தாயர் அறிவர். விளியை மாற்றி மாற்றி அதே வினையைத் திரும்பச் சொல்வதே அவர்கள் வழக்கம். கோசலையின் பத்து ‘வருக’ அந்த வழக்கின் கவிதை வடிவம்.

பாடலின் முற்பாதி இதை உறுதிசெய்கிறது. அங்கே ஒரு முதியவர்: முதுகு வளைகிறது, கை தடியின்மேல் வருகிறது, பேச்சு குழறுகிறது, விழி குருடாகிறது, செவி செவிடாகிறது. குழந்தை அழைப்புக்கு வருவதற்கு வேண்டிய நடை, சொல், பார்வை, கேள்வி ஆகிய நான்குமே இங்கே ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. மூப்பைப் பழிப்பது பக்திப்பாடலின் பொது மரபு என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பொது மரபு, பிற்பாதியில் கோசலை ஏன் வர வேண்டும் என்பதை விளக்காது. முற்பாதி முடியும் இடத்தில் முதியவரின் உயிர் மங்கும் வேளைக்கு மயில்மீது வருமாறு முருகனை வேண்டும் வினையும் ‘வா’ என்பதே. வரும் ஆற்றலை இழந்தவர் ‘வா’ என்கிறார். அந்த ஆற்றலை அப்போதுதான் பெற்ற பிள்ளையைத் தாய் ‘வா’ என்கிறாள். தாய் அழைத்தபோது இராமனாக வந்த மாயனின் மருகன்தான் முருகன். முதியவரின் நம்பிக்கை அந்த உறவைப் பற்றி நிற்கிறது. பத்துப் பருவங்களாகப் பிரித்து வாசிக்கையில் இந்தப் பிணைப்பு அறுந்து, பாடல் வெறும் பட்டியலாகிவிடுகிறது. ஒரே பருவமாக வாசிக்கும்போது, அழைப்பவருக்கும் வருபவருக்கும் இடையே நிகழ்வதே வளர்ச்சி என்னும் அறிதல் அதில் துலங்குகிறது.